வேம்பும் கோவிந்தாச்சாரியும்: பிரித்தெடுத்தலின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

தமிழில் ஒருவருடைய நெடுவாழ்வு வரலாறாவதற்குச் சில நிபந்தனைகள் இருக்கின்றன. அவர் கவிஞராகவோ கட்சிக்காரராகவோ சங்கீத வித்வானாகவோ மடாதிபதியாகவோ இருந்தாக வேண்டும். சிறைக்குப் போயிருந்தால் இன்னும் விசேஷம். விஞ்ஞானிகளில் ராமானுஜனும் சி.வி. ராமனும் உள்ளே வந்தார்கள் என்றால், 'மேதை' என்கிற வாசல் வழியாக வந்தார்கள். மேதையின் கதையில் கைகளுக்கு வேலையில்லை. நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொல்லிவிட்டுப் போவாள். வேதியியலாளரின் கதை வேறு. அவர் காய்ந்த வேரை இடிக்க வேண்டும், விதையை நசுக்க வேண்டும், ஊறவைக்க வேண்டும், வடிகட்ட வேண்டும், காய்ச்ச வேண்டும், அடியில் தங்குகிற பிசினைச் சுரண்டி எடுக்க வேண்டும். சமையற்கட்டுக்கும் செக்குக்கும் மிகக் கிட்டத்தில் நடக்கிற காரியம் இது. கையால் செய்கிற வேலையை அறிவு என்று ஒப்புக்கொள்ளக் கூசுகிற ஒரு சமூகத்தில், அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் மேல்சாதியினராகவே இருந்தபோதும்கூட, அவர்களுடைய வாழ்க்கை எழுதப்படாமல் போனது தற்செயல் அல்ல.

டி.ஆர். கோவிந்தாச்சாரியை முன்வைத்து இதைச் சொல்கிறேன். 1915 ஜூலையில் பிறந்தார். 2001 டிசம்பரில் இறந்தார். இந்த 86 வருஷத்தில் பெரும்பகுதியைத் தாவரங்களுக்குள் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுப்பதிலேயே செலவழித்தவர். சென்னை பிரசிடென்சி கல்லூரியில் பி.பி. டே என்கிற வங்காளப் பேராசிரியரிடம் ஆராய்ச்சி பயின்றார். 1946 முதல் 1949 வரை அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆடம்ஸிடம் இருந்தார். திரும்பி வந்து அதே பிரசிடென்சியில் பேராசிரியர், பிறகு முதல்வர். 1960இல் பட்நாகர் பரிசு. 1963இல் பம்பாய்க்குப் போனார். அதையெல்லாம் பிறகு பார்ப்போம். வேதியியல் படித்தவர்களுக்கு இவர் பெரிய பெயர். தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு அவர் வேம்பு வழியாகத்தான் அறிமுகமானார்.

குடவாசலிலிருந்து இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊருக்கு 'வரலாறு' என்றால் இரண்டு விஷயம்தான். ஒன்று, சேரமான் கணைக்கால் இரும்பொறை சிறையிருந்ததாகப் புறநானூற்றுக் குறிப்பு சொல்கிற குடவாயில் கோட்டம் இதுதானா இல்லையா என்கிற சர்ச்சை. இன்னொன்று, கோச்செங்கணான் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கோணேசுவரர் மாடக்கோயில். இரண்டும் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு அப்பால். இடையிலே, அதிலும் கடந்த 60 வருஷத்தில், இந்த மண்ணுக்கு என்ன நடந்தது என்று கேட்டால் பதில் சொல்லக் கல்வெட்டு இல்லை. தஞ்சை ஜில்லாவாக இருந்து, 1991இல் நாகப்பட்டினம் மாவட்டமாகி, 1997இல் திருவாரூர் மாவட்டமான கதைக்காவது அரசாணை இருக்கிறது. வயலில் எதைத் தெளித்தார்கள் என்பதற்கு?

தஞ்சாவூரில் 1960இல் 'பாக்கேஜ் திட்டம்' வந்தது. ஃபோர்டு ஃபவுண்டேஷன் துணையோடு இந்தியாவில் முதலில் தேர்ந்தெடுத்த ஏழு ஜில்லாக்களில் ஒன்று இது. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 வந்தது. ஜப்பான் ரகத்தையும் இங்குள்ள ஜி.இ.பி. 24ஐயும் ஒட்டி எடுத்த குறுகிய காலக் குறுவை நெல். விதையோடு உரம் வந்தது, உரத்தோடு பூச்சி வந்தது, பூச்சியோடு டின்கள் வந்தன. எண்ட்ரின், டெமக்ரான். இந்த இரண்டு வார்த்தையும் டெல்டாத் தமிழில் எவ்வளவு ஆழமாகப் புகுந்திருக்கின்றன என்பதை ஒரு அகராதிக்காரரும் பதிவு செய்ததாகத் தெரியவில்லை. 'டெமக்ரான குடிச்சிட்டான்' என்றால் விளக்கம் தேவைப்படாத ஒரு காலம் இருந்தது. பசுமைப் புரட்சியைக் கீழ்வெண்மணி வழியாக, கூலி வழியாக நாம் எழுதியிருக்கிறோம், எழுதவேண்டியதுதான். ஆனால் பண்ணையாள் கையில் கொடுக்கப்பட்ட அந்த டின்னின் வரலாறு எழுதப்படவில்லை. முகமூடியும் கையுறையும் டின்னில் ஒட்டிய தாளில் மட்டும் இருந்தன. எண்ட்ரின் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது 1990இல். டெமக்ரானின் உள்ளிருப்பான பாஸ்பாமிடான் முற்றிலும் நின்றது 2020 கடைசியில்தான்.

டெமக்ரான் ஸ்விட்சர்லாந்தின் சீபா கம்பெனியின் சரக்கு. கோவிந்தாச்சாரி 1963இல் பம்பாய் போனது அதே சீபாவுக்குத்தான். கோரேகாவில் அந்தக் கம்பெனி அமைத்த ஆராய்ச்சி மையத்தை நேரு திறந்துவைத்தார். கோவிந்தாச்சாரி அதன் இயக்குநர். உடனே ஒரு நேர்கோடு போட்டுவிடத் தோன்றும். போடக்கூடாது. கோரேகாவில் நடந்தது மருந்து ஆராய்ச்சி, பூச்சிமருந்து அல்ல. ஆனாலும் ஒரே கம்பெனியின் ஒரு கை செடிகொடிகளில் மருந்து தேடிக்கொண்டிருந்தபோது மறு கை எங்கள் வாய்க்கால்களில் வேறொன்றை ஊற்றிக்கொண்டிருந்தது என்பதை மறக்கவும் கூடாது. 1970இல் சீபா, கெய்கியோடு இணைந்தது. டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லித் தன்மையை 1939இல் கண்டுபிடித்த பால் முல்லர் கெய்கியின் ஆள்.

பிரசிடென்சி காலத்துக்குத் திரும்புவோம். என் கணிப்பில் அவருடைய வாழ்க்கையின் மிகச் சுவாரசியமான பகுதிகள் இரண்டு: ஐம்பதுகளும், கடைசிப் பதினைந்து வருஷமும். நடுவிலுள்ள பதவிக்காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம்.

ஐம்பதுகளில் அவரும் கூட்டாளிகளும் எடுத்துக்கொண்ட செடிகளின் பட்டியலைப் பார்த்தால் ஏதோ நாட்டு வைத்தியர் வீட்டுக் கொல்லை மாதிரி இருக்கும். மஞ்சள் கரிசலாங்கண்ணி அதில் ஒன்று. ஈரமான வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாகப் படர்கிற செடி. காமாலைக்கு அரைத்துக் கொடுப்பார்கள். அதிலிருந்து எடுத்த ஒரு பொருளின் அமைப்பை கோவிந்தாச்சாரி, கே. நாகராஜன், பி.ஆர். பை மூவரும் 1956இல் வெளியிட்டார்கள். பெயர் வெடலோலாக்டோன். இன்னொன்று நஞ்சறுப்பான் கொடி, இழுப்புக்குக் கொடுப்பது. அதிலுள்ள டைலோஃபோரினின் அமைப்பும் இவர்கள் வேலை.

'அமைப்பைக் கண்டறிதல்' என்றால் அந்தக் காலத்தில் என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு ஒரு சிட்டிகை பொருளைக் கருவியில் வைத்தால் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று ஒரு நாளில் சொல்லிவிடும். அப்போது மூலக்கூறை உடைக்க வேண்டும். அமிலத்தில் கொதிக்கவைத்து, காரத்தில் உருக்கி, துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டும் ஏற்கெனவே தெரிந்த எதனோடு ஒத்துப்போகிறது என்று உருகுநிலையை வைத்துச் சோதித்து, பிறகு துண்டுகளிலிருந்து முழுசை ஊகிக்க வேண்டும். ஊகித்ததைச் செயற்கையாகக் கட்டிப் பார்த்து, கட்டியதும் செடியிலிருந்து வந்ததும் ஒன்றேதான் என்று காட்டினால்தான் ஒப்புக்கொள்வார்கள். சிதைந்த ஏட்டுச்சுவடியிலிருந்து பாடம் தீர்மானிக்கிற பதிப்பாசிரியரின் வேலைக்கு இது ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது. உ.வே.சா.வின் உழைப்பைப் பேசுகிற நாம் இதைப் பேசாததற்கு, விஷயம் ஆங்கிலத்தில் இருந்தது என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

பெயர் சூட்டல் பற்றி ஒரு இடைச்செருகல். வெடலோலாக்டோன் என்கிற பெயர் செடியின் தாவரவியல் பெயரான வெடெலியாவிலிருந்து வந்தது. அந்தப் பெயரோ 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் யேனாவில் பேராசிரியராக இருந்த கியார்க் வெடல் என்பவருடையது. எங்கள் வரப்பில் முளைக்கிற செடிக்குள் இருக்கும் மூலக்கூறுக்கு அந்தச் செடியையே பார்த்திராத ஒரு ஜெர்மன்காரர் பெயர். இது அதிகாரத்தின் அடையாளம் என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் வேம்பில் கதை வேறு மாதிரி போயிருக்கிறது. 1942இல் வேப்பெண்ணெயின் கசப்பிலிருந்து முதன்முதலில் தனிப்பொருள்களைப் பிரித்தவர் சலீமுஸ்ஸமான் சித்திகி. அவர் வைத்த பெயர்கள் நிம்பின், நிம்பினின், நிம்பிடின். 'நிம்பம்' நம் நிகண்டுகளுக்கும் தெரிந்த சொல்தான். அசாடிராக்டின் என்கிற பெயரின் வேர் பாரசீகம். 'இந்தியாவின் சுதந்திர மரம்' என்று பொருள். பாண்டியன் சூடிய வேம்பு பாரசீகம் வழியாக லத்தீனுக்குப் போய் அங்கிருந்து மூலக்கூறாகித் திரும்பியிருக்கிறது. 'தூய' மரபு என்று பேசுகிறவர்கள் இதை எந்த வகையில் வைப்பார்களோ தெரியாது.

சித்திகியையும் இங்கே நிறுத்தவேண்டும், ஏனென்றால் நெடுவாழ்வு என்றால் அவருடையதும் அதுதான். 1897இல் லக்னோ பக்கம் பிறந்தவர். ஃப்ராங்க்ஃபர்ட்டில் முனைவர் பட்டம். ஓவியரும்கூட, படங்களைக் கண்காட்சியில் வைத்தவர். தில்லியில் ஹக்கீம் அஜ்மல்கானின் திப்பியா கல்லூரியில் யுனானி மருந்துகளை ஆராய்ந்தார். சர்ப்பகந்தி வேரிலிருந்து தாம் பிரித்த பொருளுக்கு ஹக்கீமின் பெயரையே வைத்து அஜ்மலின் என்றார். பிரிவினைக்குப் பின் 1951இல் பாகிஸ்தான் போய் அங்கே ஆராய்ச்சி நிறுவனங்களை உண்டாக்கி, 1966இல் 'ஓய்வு' பெற்று, அதன் பிறகு கராச்சி பல்கலைக்கழகத்தில் புதிதாக ஒரு நிறுவனம் தொடங்கி, தொண்ணூறு தாண்டியும் சோதனைச் சாலைக்குப் போய்க்கொண்டிருந்தார். 1994இல் 96 வயதில் இறந்தார். ஒரு மரத்தின் விதைக்குள், எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கிழவர், அந்தப் பக்கம் ஒரு கிழவர்.

கோவிந்தாச்சாரியின் கோரேகா காலம் 1975 வரை. இந்தியாவிலேயே புதுமருந்து கண்டுபிடிக்க முடியும் என்று காட்டிய சில இடங்களில் அதுவும் ஒன்று. மனச்சோர்வுக்கு அங்கே உருவான ஒரு மாத்திரைக்குச் 'சின்டாமில்' என்று பெயர். தமிழ் படித்தவன் காதில் அது வேறு மாதிரி விழுகிறது, அவ்வளவுதான். 1970இல் வந்த இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்துக்கும் வேளாண் ரசாயனத்துக்கும் பொருள்மீதான காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்றாக்கியது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இங்கே ஆராய்ச்சி செய்வதில் ருசி குறைந்தது. அறுபது வயதில் அவர் அந்தப் பதவியிலிருந்து விலகினார்.

1986இல், 71 வயதில், சென்னையில் ஸ்பிக் சயன்ஸ் ஃபவுண்டேஷனின் வேளாண் ரசாயன ஆராய்ச்சிப் பிரிவுக்கு வந்தார். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுவிடுகிற வயது என்று நாம் சொல்வது. ஸ்பிக் என்றால் தூத்துக்குடி யூரியா. குடவாசல் கடைத்தெருவில் அடுக்கியிருக்கும் மூட்டைகளில் எத்தனையோ அதன் சரக்கு. இங்கே ஒரு முரண் இருக்கிறது. யூரியாவை அள்ளிக் கொட்டினால் பயிர் கரும்பச்சையாகக் கொழுக்கும். கொழுத்த பயிரில் புகையான் வந்து உட்காரும். தூரடியில் சாறு உறிஞ்சி, வட்டம் வட்டமாக நெருப்பில் தீய்ந்த மாதிரி காயவைக்கும் பூச்சி அது. அதாவது பூச்சியை வரவழைப்பதில் ஒரு பங்கு யூரியாவுக்கு உண்டு. அந்த யூரியாக் கம்பெனியின் பணத்தில்தான் பூச்சிக்கு வேம்பில் மருந்து தேடப்பட்டது. 'நீம் கோல்டு' என்ற பெயரில் விற்கவும் செய்தார்கள். முதலாளியத்தின் தந்திரம் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு கிழவர் என்ன செய்தார் என்பது அந்த வரிக்குள் அடங்கவில்லை.

வேம்பில் பூச்சி விஷயம் அப்போதே பழசு. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் எல்லாவற்றையும் தின்றுவிட்டு வேப்பமரத்தை மட்டும் விட்டுப் போனதை ஷ்முட்டரர் என்கிற ஜெர்மானியர் கவனித்தார். 1962இல் தில்லியில் பிரதான் குழுவினர் வேப்பங்கொட்டைக் கரைசலைப் பயிரில் தெளித்து வெட்டுக்கிளி வாய்வைக்கவில்லை என்று காட்டினார்கள். 1968இல் இங்கிலாந்தில் பட்டர்வொர்த்தும் மார்கனும் அதற்குக் காரணமான அசாடிராக்டினைப் பிரித்தார்கள். அதன் அமைப்பு சரியாகத் தீர்மானமாக 1985 வரை ஆயிற்று. 35 கார்பன், 44 ஹைட்ரஜன், 16 ஆக்சிஜன் உள்ள பெரிய சிக்கல். அதைச் செயற்கையாகக் கட்ட கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவுக்கு 22 வருஷம் பிடித்தது, 2007இல்தான் முடிந்தது. சென்னையில் கோவிந்தாச்சாரி குழு செய்தது, வேப்பம்பருப்பிலிருந்து இதை உயர் அழுத்தத் திரவ வண்ணப்பிரிகை முறையில் நேரடியாக, சுத்தமாக, தேவையான அளவு எடுக்க எளிய வழி கண்டது. அசாடிராக்டினின் உடன்பிறப்புகளில் 'ஹெச்', 'ஐ' என்ற இரண்டையும் புதிதாக எடுத்தார்கள். வாலிப வயதில் மூலக்கூறை உடைத்து அறிந்த மனிதர், எழுபத்தைந்தைக் கடந்தபின், உடைக்காமலே பிரிக்கும் கருவியைக் கையாளக் கற்றிருந்தார்.

அப்போதுதான் வெளியே வேம்புக்குச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ராபர்ட் லார்சன் என்ற அமெரிக்க மரவியாபாரி எழுபதுகளில் வேப்பங்கொட்டையை எடுத்துப்போய் ஒரு பூச்சிமருந்து செய்து, 1985இல் அரசு அனுமதி வாங்கி, 1988இல் டபிள்யு.ஆர். கிரேஸ் கம்பெனிக்கு விற்றார். 1993இல் பெங்களூரில் காட் ஒப்பந்தத்தை எதிர்த்து விவசாயிகள் பெரும் பேரணி நடத்தினார்கள். கிரேஸுக்கும் அமெரிக்க வேளாண் துறைக்கும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை கிடைத்தது. 1995இல் வந்தனா சிவா முதலியோர் எதிர்ப்பு மனுச் செய்தார்கள். 2000 மே மாதம் அது ரத்தானது. மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியானது.

அந்த வருஷங்களில் எழுதப்பட்டவற்றை இப்போது எடுத்துப் படித்தால் ஒரு குழப்பம் தெரிகிறது. ரத்தான ஐரோப்பியக் காப்புரிமை பூச்சி பற்றியது அல்ல, அசாடிராக்டின் பற்றியதும் அல்ல. பிரித்தெடுத்த வேப்பெண்ணெயால் பயிர்ப் பூஞ்சைகளைக் கட்டுப்படுத்தும் முறை பற்றியது. அசாடிராக்டினைக் கெடாமல் வைக்கும் கலவைக்கு கிரேஸ் 1992இல் வாங்கிய அமெரிக்கக் காப்புரிமை தனி. 2000இல் வீழ்ந்தது அது அல்ல. நம் எழுத்துகள் இரண்டையும் ஒன்றாக்கி 'வேம்பை மீட்டோம்' என்றன. வழக்கின் அரசியல் நியாயம் இதனால் குறைந்துவிடவில்லை. ஆனால் ஒரு பக்கம் 'பாட்டி வைத்தியம்', மறுபக்கம் 'பன்னாட்டுக் கம்பெனி' என்று இரண்டு நாற்காலிகளை மட்டும் போட்ட மேடையில், விதைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த சென்னைக்காரருக்கு நாற்காலி இல்லாமல் போயிற்று.

1998இல், அதாவது வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 83ஐ எட்டிய அந்த வருஷத்தில், கோவிந்தாச்சாரியும் இன்னும் நால்வரும் சேர்ந்து இஸ்ரேலிலிருந்து வரும் ஒரு தாவரநோய்ப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பொருள், வேப்பெண்ணெயில் பூஞ்சையை எதிர்ப்பது எது என்பது. எடுத்துக்கொண்ட பூஞ்சைகளில் ஒன்று டிரெக்ஸ்லெரா ஒரைசே. நெல்லில் செம்புள்ளி நோய் உண்டாக்குவது. 1943 வங்கப் பஞ்சத்துக்கு முந்தைய பருவத்தில் நெல்லை அழித்ததில் இதற்குப் பங்கு உண்டு என்று பின்னர் நோயியலாளர்கள் எழுதினார்கள். எண்ணெயைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தார்கள். பிரித்த பகுதிகளுக்குத் தனித்தனியே வீரியம் வெகுவாகக் குறைந்திருந்தது. நிம்பின், சலானின், அசாடிரடையோன் முதலான சுத்தப் பொருள்களைத் தனித்தனியே வைத்துப் பார்த்தால் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. கலந்து வைத்தால் பூஞ்சை அடங்கியது.

இந்த முடிவை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வாழ்நாள் முழுக்கப் பிரித்தெடுத்த ஒருவர், பிரித்தால் போய்விடுகிற ஒன்று இருக்கிறது என்று தம் கையாலேயே அளந்து, அதை ஆர்ப்பாட்டமில்லாமல் அட்டவணை போட்டு வெளியிடுகிறார். தத்துவம் பேசவில்லை. 'முழுமை', 'மரபின் ஞானம்' என்றெல்லாம் ஒரு வார்த்தை கிடையாது. கூட்டு விளைவாக இருக்கக்கூடும் என்கிற அளவோடு நிற்கிறார்கள். இதைப் படித்துவிட்டு 'பார்த்தீர்களா, பாட்டி சொன்னது சரி, விஞ்ஞானம் தோற்றது' என்று கொண்டாட நம்மிடையே ஆள் உண்டு. அவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிரித்துப் பார்த்ததால்தான் சேர்ந்திருப்பதன் வலிமை தெரிந்தது. செக்கில் ஆட்டிய எண்ணெயை வெறுமனே புகழ்ந்துகொண்டிருந்தால் அது எப்போதும் தெரிந்திருக்காது.

மரபறிவைக் கொண்டாடுவதில் எனக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலத்தில் தெளிக்கச் சொல்கிறார்கள். சாயங்காலம் ஏன் என்றால் அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். பருப்பு பழசானாலோ, ஈரத்தில் பூசணம் பிடித்தாலோ, வெயிலில் போட்டு உலர்த்தினாலோ சத்து போய்விடும். ஒரு மரத்துக் கொட்டையில் இருக்கிற அளவு இன்னொரு மரத்தில் இருக்காது. இதையெல்லாம் நாக்கில் வைத்துக் கசப்பைக்கொண்டு சொல்லிவிட முடியாது. 'போன வருஷம் கேட்டுது, இந்த வருஷம் கேக்கலையே' என்று வயலில் நின்று சொல்கிறவருக்குத் தேவைப்படுவது, அளந்து சொல்கிற ஒருவர். அது கோவிந்தாச்சாரியின் ஆட்கள் செய்த வேலை. அந்த அளவு அவருடைய கைக்கு எட்டியதா என்பது வேறு கேள்வி. எட்டியது புட்டியில் அடைத்து விலைபோட்ட பிறகுதான்.

அந்த அளவுக்கு முந்தைய உழைப்பு ஒன்று இருக்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகளின் 'மூலப்பொருள்' என்ற ஒரு சொல்லுக்குள் அது போய்விடுகிறது. ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும். குறுவை நடவுக்கும் ஆறு திறப்புக்கும் காத்திருக்கிற, கூலி இல்லாத நாட்கள். கோயில் வாசலிலும் குளக்கரையிலும் சாலையோரத்திலும் விடியற்காலையில் கூட்டிப் பொறுக்குகிறவர்கள் சேரிப் பெண்களும் பிள்ளைகளும்தான். பழத்தைப் பிசைந்து சதை நீக்கி, நிழலில் உலர்த்தி, படிக்கணக்கில் கடைக்காரரிடம் போடுவார்கள். காப்புரிமை வழக்கில் எல்லோரும் 'இந்திய விவசாயியின் மரபறிவு' என்று பேசினார்கள். மரத்தடியில் குனிந்திருந்தவர்களுக்குப் பெரும்பாலும் நிலமே கிடையாது. யாருடைய மரபு, யாருடைய அறிவு என்பதைப் பிரித்துப் பார்க்க அந்த மேடையில் யாரும் தயாராக இல்லை.

வேப்பம் புண்ணாக்கு விஷயத்திலும் இதே சிக்கல்தான். யூரியாவோடு ஐந்துக்கு ஒரு பங்கு புண்ணாக்கைக் கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து போட்டால் உரம் நின்று பேசும் என்று டெல்டாவில் வெகுநாளாகச் செய்துவருகிறார்கள். யூரியா மண்ணில் அம்மோனியமாகி, பிறகு நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாகி, தண்ணீரோடு இறங்கியோ வாயுவாகவோ போய்விடுகிறது. வேம்பின் கசப்பு அந்த நுண்ணுயிர்களை மந்தப்படுத்துகிறது. எழுபதுகளிலேயே இந்திய ஆராய்ச்சியாளர்கள் இதை எழுதியிருக்கிறார்கள். 2015இல் உள்நாட்டு யூரியா முழுவதையும் வேப்பெண்ணெய் பூசித்தான் விற்க வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. யூரியா தொழிற்சாலைகளுக்குப் போவதைத் தடுப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று.

கோவிந்தாச்சாரி அதைப் பார்க்க இல்லை. காப்புரிமை முதல்முறை ரத்தான 2000ஆம் வருஷத்தில் அவர் இருந்தார். வேம்பின் சில பொருள்களுடைய பூஞ்சை எதிர்ப்பு பற்றி இன்னொரு கட்டுரை அந்த வருஷம் வந்தது. அதற்கு அடுத்த டிசம்பர் கடைசியில் இறந்தார்.